ஏடு பெயர்த்தலும் கோப்பு மாற்றமும்

திறனாய்வாளர் நூலின் பொருளை ஆராய்வர், நடையை ஆராய்வர், அந்நூலைத் தாங்கி நிற்கும் ஏட்டைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. ஆயினும் ஏடு அழியின் நூலும் அழியும் என்பதைத் தமிழர் பட்டறிந்தவர்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சில் பதிப்பித்த வரலாற்றை நாம் மாணவர்க்குப் பெருமையுடன் கற்பிக்கின்றோம். நம் காலத்து ஏடுகளுள் ஒன்றாகிய காணொளியைப் பற்றியோ நாம் சிந்திப்பதே அரிது.

கம்போங் மேடானிலும் கிள்ளானிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, தோட்டப்புறத்தை விட்டுப் பெயர்ந்து வந்தவை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா, லயத்து வீட்டுத் திருமணம், பள்ளி ஆண்டு விழா நாடகம் ஆகியவற்றை அக்குடும்பங்கள் ஒளிநாடாக்களிற் பதிந்து வைத்தன. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னர், அவ்வாழ்க்கைக்குச் சான்றாக எஞ்சியிருப்பது சில இடங்களில் அந்நாடா ஒன்றே. வி.எச்.எஸ். நாடா 1976இல் ஜப்பானில் அறிமுகமாயிற்று. 1993இல் வி.சி.டி. வட்டும், 1996இல் டி.வி.டி. வட்டும் தோன்றின. அதன்பின் வட்டும் ஒதுங்க, வெறுங்கோப்பே காணொளியாயிற்று. 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம் நாடாப் பதிவுக் கருவி செய்வதை நிறுத்தியது. நாடா பேழையில் இருப்பினும், அதனைப் படித்துக் காட்டும் கருவி கிடைப்பது அரிதாகிவிட்டது. நம் நாட்டின் ஈரக் காற்றில் நாடாவிற் பூஞ்சணம் படர்வதும் கண்கூடு.

இந்நிலை குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. புதிய வடிவம் வந்தால் பழையதை அதில் ஏற்றிவிட்டால் போதும், கவலை தீர்ந்தது என்பது ஒன்று. மாற்றினாற் கெட்டுவிடும், மூலத்தைத் தொடாமல் வைத்திருப்பதே முறை என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மையாகா.

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கூறும். கோப்பு மாற்றத்தை ஆராய்வார்க்கும் இப்பகுப்பு பயன்படும். காணொளியைச் சுருக்கிப் பதிதல் தொகுத்தல் போன்றது. நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையில், கண்ணுக்குப் புலனாகும் கோடுகள் 576. வி.சி.டி. வட்டோ 288 கோடுகளையே கொள்ளும். பாதிக் கோடுகள் கழிந்தன. கழிந்தவை எங்கும் சேமிக்கப்படவில்லை. அவ்வட்டைப் பின்னர் உயர்தரக் கோப்பாக மாற்றினால், படம் பெரிதாகுமேயன்றி இழந்த முகத்தின் நுணுக்கம் மீளாது. கவிஞன் விரித்தால் அது படைப்பு. பொறி விரித்தால் அது ஊகம். இவ்வேறுபாட்டை உணராதார், விரித்த படத்தையே மூலமெனக் கருதி நாடாவை எறிந்துவிடுகின்றனர்.

ஓலைச்சுவடியிலும் இழப்பு உண்டன்றோ எனச் சிலர் வினவலாம். உண்டு. ஓலை கிழியும் என அஞ்சி எழுதுவோர் மெய்யெழுத்தின் புள்ளியை விடுத்தனர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் விளங்கவில்லை. ஆயின் அவ்விழப்பை ஈடுசெய்ய மொழியறிவு இருந்தது. பல சுவடிகளை ஒப்புநோக்கி, யாப்பும் பொருளும் துணையாகக் கொண்டு, பதிப்பாசிரியர் சரியான பாடத்தைக் கண்டனர். ஒரே நாடாவிற் பதிந்த பள்ளி நாடகத்திற்கு ஒப்புநோக்க வேறு படி இல்லை. ஆகவே, காணொளியைப் பெயர்ப்பவர் பழைய ஏடெழுதுவோரினும் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. கோப்பின் பெயரிறுதியில் ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என வருவனவற்றையே காணொளியின் மொழி எனப் பலர் கருதுகின்றனர். அவை கொள்கலன்களே, படத்தையும் ஒலியையும் ஒருங்கே கட்டிவைக்கும் கயிறும் சட்டமும் போன்றவை. உள்ளிருக்கும் எழுத்துமுறை வேறு. அதனைக் கோடெக் என்பர். 2003இல் எச்.264, 2013இல் எச்.265, 2018இல் ஏ.வி.1 என அவ்வெழுத்துமுறை மாறிக்கொண்டே வருகிறது. பாண்டிய நாட்டில் வழங்கிய வட்டெழுத்து, 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் படிப்படியாக வழக்கொழிந்தது. கல் அழியவில்லை, கற்றோர் அருகினர். எழுத்துமுறை அறிந்த கருவி மறையும்போது, பழுதுபடாத கோப்பும் அக்கல்வெட்டின் நிலையை எய்தும். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷ் முறைக்கு ஆதரவை நிறுத்தியபோது, அம்முறையில் அமைந்த பாடங்கள் பல வகுப்பறையில் இயங்காது போனதை நினைவுகூர்க.

இணையத்தில் ஏற்றிவிட்டோமே என அமைதி கொள்வதும் பொருந்தாது. காணொளித் தளங்கள் தம் வசதிக்கேற்ப மீண்டும் சுருக்கியே காட்டுகின்றன. அவை ஊர்ப் பொதுமன்றம் போன்றவை. பலரும் காண உதவும். சுவடிச்சாலையின் பணியை அவற்றிடம் எதிர்பார்த்தல் கூடாது.

இவை தொழில்நுட்பர்க்கு உரியன, தமிழாசிரியர்க்கு என்ன தொடர்பு எனலாம். முதல் தமிழ்ப் பேசும் படமெனப் போற்றப்படும் 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. இன்று அதன் படி நமக்குக் கிட்டவில்லை. அதனைப் பற்றி எழுதுவோர் படத்தைக் காணாமலே எழுதுகின்றனர். ரப்பர்த் தோட்ட வாழ்வைக் காட்டும் 'செம்மண் சாலை' என்னும் மலேசியத் தமிழ்ப்படம் 2005இல் தீபக் குமரன் மேனனின் இயக்கத்தில் எண்முறைக் காணொளியாகவே உருவாயிற்று. இத்தகைய படைப்புகளை நாளைய மாணவன் கண்டு திறனாய வேண்டுமெனில், அவை தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்படல் வேண்டும். வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. வெளியீடாக வாராத தோட்டத் திருவிழாவிற்கும் பள்ளி நாடகத்திற்கும் காவலர் நாமே.

செய்யத்தக்கன எளியவை. நாடாவைப் பெயர்க்கும்போது இயன்றவரை சுருக்காத ஒரு படியை மூலப்படியாக வைத்தல் வேண்டும். அன்றாடம் காண்பதற்குச் சுருங்கிய படி வேறாக இருக்கட்டும். ஒரு படியேனும் வேறோர் இடத்தில் இருத்தல் நன்று. விளக்கம் பரவலாக வெளியிடப்பெற்ற, பல கருவிகளில் இயங்கும் எழுத்துமுறையைத் தேர்க. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, வழக்கொழியுமுன் புதியதற்கு மாற்றுக. யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை முதியோரைக் கேட்டு எழுதி உடன் வைக்க. இறுதியாகக் கூறிய பணியை எப்பொறியும் செய்யாது, மாணவர் செய்யலாம். பாட்டியின் அருகமர்ந்து, திரையில் தோன்றும் முகங்களின் பெயர்களைக் கேட்டெழுதும் மாணவன், பதிப்பாசிரியரின் முதற்பாடத்தைக் கற்றவனாகிறான். பெயர் சொல்ல வல்லோர் இன்று நம்மிடையே உள்ளனர். நாடாவைப் போலவே அவர்களும் என்றும் இருப்பவரல்லர்.