ஜமீன் கொரட்டூர் விடுதியும் ஆப்பிளின் விதிப்புத்தகமும்

ஆப்பிள் நிறுவனம் வருஷா வருஷம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. தனக்குப் பொருள் செய்து தரும் கம்பெனிகளில் தொழிலாளர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள், அதை யார் போய்ப் பார்த்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்றெல்லாம் சொல்லும் அறிக்கை. கூடவே அந்தக் கம்பெனிகளுக்கான நடத்தை விதிகள் என்று ஒரு சிறு புத்தகமும் உண்டு. 2005-லிருந்து அவ்வப்போது திருத்தி வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் உட்கார்ந்து படித்தேன். திருநின்றவூர்ல இருக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு விதி சோதனைக்கு வந்த இடம் எங்க ஊருக்குத் தெற்கே, பூந்தமல்லி–திருவள்ளூர் சாலைப் பக்கம் இருக்கிறது. ஊர் பெயர் ஜமீன் கொரட்டூர்.

விதி இதுதான், என் வார்த்தையில் சொல்கிறேன்: தொழிலாளர் தங்கும் விடுதி சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும், இருப்பவர்களுக்குப் போதுமான இடம் வேண்டும். அந்த விடுதியைக் கம்பெனியே நடத்தினாலும் சரி, வெளியாள் யாராவது நடத்தினாலும் சரி. சமையலறை, சாப்பாட்டுக்கூடம் சுகாதாரமாக இருக்க வேண்டும் என்பதும் தனியாக இருக்கிறது. "வெளியாள்" என்ற சொல்லைக் கவனித்து வையுங்கள். எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. விடுதியைக் காண்ட்ராக்டர் கையில் விட்டுவிட்டு நமக்கென்ன என்று ஒதுங்கும் வழக்கத்தை முன்கூட்டியே யோசித்துத்தான் அந்த விதியைப் போட்டிருக்கிறார்கள்.

2021 டிசம்பர் மத்தியில் ஜமீன் கொரட்டூர் விடுதியில் சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். 250 பேருக்கு மேல் உடம்புக்கு முடியாமல் போனது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை போய்ப் பார்த்தபோது சமையலறையில் எலி. கழிவுநீர் போக ஒழுங்கான வழி இல்லை. ஓர் அறையில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை தரையில் படுத்திருந்ததாகவும், சில கழிவறைகளில் தண்ணீர் வரவில்லை என்றும் தொழிலாளர்கள் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அவர்கள் சம்பளம் அப்போது மாதம் பத்தாயிரம் ரூபாய் சுமார்.

ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று மற்றவர்களுக்குச் சரியான தகவல் இல்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிய விடிய மறியல். போலீஸ் பலரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டது. யாரும் இறக்கவில்லை என்று அரசு விளக்கியது. வதந்தியை மட்டும் குற்றம் சொல்லி அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூட வேலை பார்ப்பவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேட்க ஓர் ஆள், ஒரு போன் நம்பர் இருந்திருந்தால் அந்த வதந்திக்கு ஒரு மணி நேரம்கூட ஆயுள் இருந்திருக்காது. குறைகேட்கும் வழி இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் தனிப் பிரிவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆலை மூடப்பட்டது. டிசம்பர் 29 அன்று ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பு நிலையில் வைத்ததாக அறிவித்தது. மூடியிருந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்றும், உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாகவும் பாக்ஸ்கான் சொன்னது. ஜனவரி 12-இல் மறுபடி திறந்தார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரிய வாடிக்கையாளர் முகம் சுளித்தால் மூன்றே வாரத்தில் எவ்வளவு நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். நம்ம ஊர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அந்த வலிமை கிடையாது.

ஆனால் அந்த அறிவிப்பில் ஒரு சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது எதை? "தொலைவிலுள்ள" விடுதிகள் சிலவற்றை. எங்கிருந்து தொலைவு? கூப்பர்டினோவிலிருந்தா, சுங்குவார்சத்திரத்திலிருந்தா? எங்களுக்கு அது பக்கத்து ஊர். அங்கே படுத்து எழுந்த பெண்களுக்கு அதுதான் வீடு. தூரத்து மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். விடுதி இல்லாவிட்டால் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஆள் இல்லை, ஷிப்டுக்கு ஆள் இல்லாவிட்டால் ஆலை ஓடாது. ஆலைக்குள் இருக்கும் கன்வேயர் எப்படி உற்பத்தியின் பகுதியோ அப்படித்தான் அந்த விடுதிப் பாயும். அதைத் தொலைவு என்று சொல்லும்போதே, எழுதுகிறவர் ஆலை கேட்டோடு நின்றுவிட்டார் என்று தெரிந்துவிடுகிறது.

சரி, ஒரு தடவை நடந்த தவறு என்று விட்டுவிடலாமா? 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் இன்னொரு செய்தி வெளியிட்டது. அதே ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று. குடும்பப் பொறுப்பு, பிரசவம், லீவு என்று காரணங்கள். தாலி, மெட்டி போன்ற உலோகங்கள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் ஒன்று. அதைப் படித்தபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லலாமே, அதற்காக ஆளையேவா கழற்றி வைப்பது?

இங்கேயும் விதிப்புத்தகம் தெளிவாகத்தான் இருக்கிறது. பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் வரிசையில் திருமண நிலையும் உண்டு. இதில் புத்தகம் இந்தியச் சட்டத்தைவிட ஒரு படி மேலே என்றே சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனவரா என்று பார்த்துத் தனியார் கம்பெனி ஆள் எடுப்பதைத் தடுக்கும் நேரடி விதி நம் சட்டத்தில் இல்லை. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விளக்கம் கேட்டபோது, ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைத்தான் எடுத்துக்காட்ட முடிந்தது. சட்டம் விட்ட ஓட்டையை அடைக்க இருந்த ஒரே காவல் அந்தப் புத்தகம். அதுவும் தூங்கியது. 2022-இலேயே புகார் வந்தது, உடனே நடவடிக்கை எடுத்தோம், மாதாமாதம் ஆடிட் செய்தோம் என்று ஆப்பிள் சொன்னது. ராய்ட்டர்ஸ் கண்டது 2023, 2024-இல் நடந்ததை! மாதாமாதம் போன ஆடிட்டர் எதைப் பார்த்துவிட்டு வந்தார்?

எனக்குத் தோன்றும் பதில்: அவர் ஆலையைப் பார்த்தார். "கல்யாணமாகாதவர் மட்டும்" என்ற விளம்பரம் ஆலைச் சுவரில் ஒட்டப்படவில்லை. அது ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளின் வாட்ஸ்அப்பில் ஓடியது. மறுபடியும் அதே வெளியாள். முதலில் விடுதி, அப்புறம் ஏஜென்சி. கேட்டுக்கு வெளியே நடப்பதும் தன் பொறுப்பு என்று எழுதி வைத்த நிறுவனம், பார்வையிட மட்டும் கேட்டுக்கு உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. செய்தி வந்த பிறகு அரசு அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். 33,360 பெண் தொழிலாளர்களில் 2,750 பேர் மணமானவர்கள் என்று கணக்கு வந்தது. அந்தக் கணக்கும் கம்பெனி கொடுத்ததுதான்.

எங்க ஊர் பூசலார் நாயனாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தவர். இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இந்த அறிக்கைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. அவருக்கு வழியில்லை, அதனால் மனசில் கட்டினார். வழி இருக்கிறவர்கள் பேப்பரில் மட்டும் கட்டினால் அதற்குக் கும்பாபிஷேகம் பண்ண யார் வருவார்?

ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் 2011-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், ஜான் ரக்கி தயாரித்தவை, மூன்று விஷயம் சொல்கின்றன: அரசு காக்க வேண்டும், கம்பெனி மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் அறிக்கைகளில் இரண்டாவதுக்குப் பக்கம் பக்கமாக இடம். மூன்றாவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் செபியும் 2022–23 நிதியாண்டிலிருந்து முதல் 1000 பட்டியலிட்ட கம்பெனிகளிடம் பொறுப்பு அறிக்கை கேட்கிறது. அதிலும் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எத்தனை புகார் வந்தது என்ற வகைக் கேள்விகள். புகார் பூஜ்யம் என்று வந்தால் அது நல்ல செய்தியா, வாய் திறக்க யாருக்கும் தைரியமில்லை என்ற செய்தியா, எண்ணை வைத்து எப்படிச் சொல்வது?

வேறு மாதிரி ஒன்று இதே தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. திண்டுக்கல் பக்கம், எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளுக்குத் துணி தைத்த நாச்சி அப்பேரல் ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். சூபர்வைசர் கைதானார். வழக்கமான ஆடிட்டுகள் அங்கேயும் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த முறை பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இன்னோர் அறிக்கையை வாங்கிக்கொண்டு போகத் தயாராக இல்லை. 2022 ஏப்ரலில், ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்சும் எச் அண்ட் எம்மும் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. கேப், பிவிஎச் பிறகு சேர்ந்தன. 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம், லைனில் வேலை செய்யும் பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி கொடுத்து நிறுத்தினார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு ஆர்டரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் அதில் உண்டு.

வித்தியாசம் புரிகிறதா? ஆப்பிளின் புத்தகம் ஆப்பிளுக்கும் சப்ளையருக்கும் இடையில் உள்ளது. அதை மீறினால் கேட்கிற உரிமை ஆப்பிளுடையது. திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு தரப்பு தொழிலாளிகளே. வருஷத்துக்கு ஒரு தடவை டிபன் பாக்ஸோடு வந்துபோகும் ஆடிட்டரைவிடப் பக்கத்து மிஷினில் இருக்கிற பெண்ணுக்குச் சூபர்வைசரின் கை எங்கே போகிறது என்பது தெரியும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெரிய விடுதியை முதல்வர் திறந்து வைத்தார். பாக்ஸ்கான் பெண்களுக்காக சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டியது. நல்ல கட்டடம், ஜமீன் கொரட்டூரோடு ஒப்பிடவே முடியாது. விதிப்புத்தகத்தின் அந்த ஒரு விதியை நிறைவேற்றக் கட்டட வேலையைச் செய்தது அரசு நிறுவனம் என்பதை எந்தக் கம்பெனி அறிக்கையில் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று பார்க்க ஆவல்தான். அதைவிட முக்கியமான சில கேள்விகளும் உண்டு. அந்த 18,720 பேரில் யாருக்காவது சாப்பாடு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வார்? சொன்னது என்ன ஆச்சு என்று எத்தனை நாளில் தெரியும்? சங்கத்து ஆள் ஒருவர் பார்க்க வந்தால் வாசலில் விடுவார்களா? அடுத்த அறிக்கை வந்ததும் முதலில் இதைத்தான் தேடப்போகிறேன்.