இணையவழிக் குழவி ஆய்வும் தீவகச் சிறாரும்

குழவியின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்து நோக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் நூல்கள் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களைக் கூறுகின்றன. கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை. இவையாவும் இல்லத்திலே, தாயின் அருகிலே கண்டறிந்தவை. மேலைநாட்டிற் சாள்ஸ் டார்வின் தம் மைந்தனைக் கண்டெழுதிய குறிப்புக்களை 1877இல் வெளியிட்டமையும் இவ்வழிப்பட்டதே. பின்வந்த உளவியலார் குழவியை ஆய்வுகூடத்துக்கு அழைத்தனர். அளவை நுட்பமாயிற்று, எனினும், பல்கலைக்கழகங்களின் அயலில் வாழ்வோர் பிள்ளைகளே பெரும்பாலும் ஆராயப்பட்டனர்.

இக்குறையை நீக்கும் நோக்குடன் எழுந்தது இணையவழி ஆய்வு. மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவான 'லுக்கிற்' என்னும் தளம்பற்றிக் கிம்பர்லி ஸ்கொற், லோறா சூல்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை 2017இல் வெளிவந்தது. தாய் தன் இசைவை வாய்மொழியாகப் பதிவுசெய்து, குழவியுடன் கணினிமுன் அமர்கிறாள். குழவி எவ்வுருவத்தை எவ்வளவு நேரம் நோக்குகிறது என்பதைக் கமரா பதிகிறது. தாயின் குறிப்பைக் குழவி பின்பற்றலாகாதென்று, கண்ணை மூடுமாறு அவளைப் பணிக்கும் சோதனைகளும் உள. 2020இல் கொள்ளைநோயால் ஆய்வுகூடங்கள் மூடப்பட்டபோது இத்தகைய முறைகள் பெரிதும் பரவின.

குழவியை அதன் இல்லத்திலேயே காணும் சிறப்பு இம்முறைக்கு உண்டு. ஆயினும் இரு தடைகள் எழுகின்றன.

முதலாவது, திரை மனிதருக்கு ஈடாகுமா என்பது. பத்றீசியா கூல் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சீனமொழியை நேரிற் கேட்ட ஒன்பது மாதக் குழவிகள் அதன் ஒலிவேறுபாட்டைப் பற்றிக்கொண்டன. பதிவாகக் கண்டவை பற்றவில்லை. 2014இல் வெளிவந்த றோஸ்பெரி முதலியோரின் ஆய்விலோ, இரண்டு வயது கடந்த பிள்ளைகள் நேரடிக் காணொளி உரையாடலிற் புதிய வினைச்சொற்களைக் கற்றனர். எனவே, மறுமொழி கூறாத பதிவை மாத்திரம் காட்டும் சோதனை பிள்ளையின் ஆற்றலைக் குறைத்துக் காட்டவுங் கூடும்.

இரண்டாவது தடையே பெரிது. வேலணைத் தீவிலுள்ள சாட்டியை எடுத்துக்கொள்க. பண்ணைத் தாம்போதி அதனை யாழ்நகரோடு இணைக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமோ குறிகட்டுவானிற் படகேற வேண்டும். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள பேரப்பிள்ளைகளைக் கைப்பேசித் திரையிற் கொஞ்சும் பாட்டியர் தீவகத்திற் பலர். ஆகவே கருவி அறவே இல்லையென்றல் பொருந்தாது. ஆனால் உறவினர் முகங்காணப் போதிய சிறுதிரை, குழவியின் நோக்கை நொடிக்கணக்கில் அளக்கப் போதாது. அறிவுறுத்தல் தாய் அறிந்த மொழியில் இல்லையேல் அளவையே தொடங்காது. பாட்டி, மாமி, அயலார் எனப் பலர் நடுவே வளரும் பிள்ளையைத் தனியறையில் இருத்துதலும் எளிதன்று.

உளவியல் முடிபுகள் பெரும்பாலும் மேலைநாட்டாரிடமிருந்தே பெறப்பட்டன என்று ஹென்றிக், ஹைன், நொறென்சயான் ஆகிய மூவர் 2010இல் எடுத்துக்காட்டினர். இணையம் வந்தபின்னும், கருவியும் ஓய்வும் உடைய இல்லங்களே எண்ணப்படுமாயின் அக்குறை வேறிடத்துக்குப் பெயருமேயன்றி நீங்காது. அயலிடத்தில் வகுத்த அளவுகோல் பாலர் பாடசாலைக்கு வரும்போது, அதனுள் அடங்காத தீவகப் பிள்ளை 'பின்தங்கியவன்' எனப்படுவான். அப்பெயர் அவனுடன் நெடுநாள் செல்லும்.

தமிழில் வகுத்த சோதனை, ஊர்ப் பாலர் ஆசிரியரின் துணை, பாட்டியையும் உடன்கொள்ளும் ஒழுங்கு, படகேறிச் சென்று நேரில் ஒப்புநோக்கும் உழைப்பு என்னும் நான்கும் சேர்தல் வேண்டும். அவை சேருமிடத்தே இணையவழி ஆய்வு எல்லாப் பிள்ளைகளையும் பற்றிப் பேசும் உரிமையைப் பெறும்.