மாணாக்கர் வேறுபாடும் கல்வியின் அடித்தளமும்: தீவகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

ஆசிரிய கலாசாலைகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் கல்வியின் அடிப்படைகள் என்னும் பாடநெறி நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. மெய்யியல், உளவியல், சமூகவியல் என மூன்று கிளைகளாக அது வகுக்கப்படும். ரூசோ, பெஸ்தலோசி, புரோபல், டூயி ஆகியோரின் கருத்துக்களைச் சுருக்கி எடுத்துரைத்தலே பெரும்பாலும் அதன் உள்ளடக்கமாக அமைந்துவிடுகின்றது. 1994இல் யுனெஸ்கோவின் ஆதரவில் ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரிற் கூடிய மகாநாட்டின் பின்னர், உட்படுத்தற் கல்வி என்னும் கருத்தும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. வகுப்பறையிலுள்ள மாணாக்கர் யாவரும் ஒருபடித்தானவர் அல்லர், அவர்தம் வேறுபாடுகளை அறிந்து கற்பிக்கும் ஆற்றல் ஆசிரியருக்கு வேண்டும் என்பது இன்று மறுப்பின்றி ஏற்கப்படும் கொள்கையாகும்.

ஆயின் அவ்வேறுபாடுகள் எங்கிருந்து தோன்றுகின்றன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அதற்கு அளிக்கப்படும் விடையே ஆசிரியரின் செயலை நிர்ணயிக்கும். வேறுபாடு இயற்கையின் விளைவு எனின், தரம் பிரித்தலே அவரது தொழில். அது சமூக உறவுகளின் விளைவு எனின், அவ்வுறவுகளை அறிந்துகொள்ளாது அவர் கற்பிக்கத் தொடங்கவே இயலாது.

இவ்வினாவை இலக்கிய மாணவராகிய நாம் எழுப்புவதற்குக் காரணமுண்டு. மாணாக்கன் என்பவன் யார் என்ற எண்ணம் தமிழாசிரியரிடத்துக் கல்வியியல் நூல்களின் வழியாக முதலில் வந்ததன்று. இலக்கண இலக்கிய நூல்களின் வழியாகவே அது வந்தது. எனவே நன்னூலின் பொதுப்பாயிரத்தையும், தீவகம் ஈந்த இருவரான தனிநாயகம் அடிகள், மு. தளையசிங்கம் ஆகியோரையும் இங்கு நோக்குவோம்.

2

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் குறுநில மன்னனின் ஆதரவிற் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அதன் காண்டிகையுரையைத் திருத்தி விளக்கிப் பதிப்பித்தார். மரபுவழித் தமிழ்க் கல்வியில் அதன் பொதுப்பாயிரம் ஆசிரியத்துவம் பற்றிய கோட்பாடாகவே பயிலப்பட்டது எனலாம்.

அப்பாயிரத்தில் இரு போக்குகள் அருகருகே காணப்படுகின்றன. கேட்போன் எவ்வகையாற் கொள்வானோ அவ்வகையை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு, கோணாத மனத்துடன் கற்பிக்கவேண்டும் என்பது ஒன்று. இன்றைய கல்வியியல் புதிதாகக் கண்டதுபோலக் கூறும் கருத்து இது. ஆசிரியராகத் தகாதோருக்கு அந்நூல் தரும் உவமைகளுள் மடற்பனை ஒன்று. மட்டை கழியாத பனையில் எவரும் ஏறிப் பழம் பறித்தல் இயலாது; தானாக விழுவதைப் பொறுக்கிக்கொள்ளவேண்டியதே. பனையை நம்பி வாழும் தீவக மக்களுக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. அறிவிருந்தும் பிறர் அணுகவியலாத ஆசிரியரை இதனினும் தெளிவாக இனங்காட்டல் அரிது.

மற்றைய போக்கு வேறானது. மாணாக்கர் அன்னத்தையும் பசுவையும் ஒத்தோர், மண்ணையும் கிளியையும் ஒத்தோர், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை ஒத்தோர் எனத் தலை, இடை, கடை என்று பகுக்கப்படுகின்றனர். விலங்கின் இயல்பு மாறாதவாறு போலவே மாணாக்கனின் இயல்பும் மாறாதது என்பது உவமையினுள் அடங்கிய கருத்து. கற்பிக்கத் தகாதோரின் பட்டியலில் நோயாளனும், மந்தனும், துயில்பவனும் சேர்க்கப்படுகின்றனர். கற்பிக்கத் தகுந்தோர் யாவர் எனின், ஆசிரியன்தன் மகன், அவனுடைய ஆசானின் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன் என வரிசை தொடங்குகின்றது. வழிபடுவோனும் விரைந்து பற்றிக்கொள்வோனும் அதன்பின்னரே வருகின்றனர். மகளுக்கு அங்கு இடமேயில்லை.

இவ்விரு பட்டியல்களையும் சேர்த்து நோக்கும்போதே நூலின் சமூகத் தளம் புலனாகும். யாருக்குக் கற்பிப்பது என்பதைக் குடியும் அதிகாரமும் பொருளும் முடிவு செய்கின்றன. அம்முடிவுக்குள் எஞ்சும் வேறுபாடுகளே இயற்கைக் குணங்களாக வருணிக்கப்படுகின்றன. புறநானூற்றின் 183ஆம் பாடலிலும் இம்முரண்பாட்டைக் காணலாம். கீழ்நிலையிற் பிறந்தவன் கற்பானாயின் மேல்நிலையிற் பிறந்தவனும் அவனிடம் பணிவான் என்ற அப்பாடலின் கருத்து, தமிழரின் கல்விச் சமத்துவத்திற்குச் சான்றாக மேடைதோறும் காட்டப்படுகின்றது. அதே பாடல் ஆசிரியனுக்கு வேண்டிய வேளையில் உதவியும் மிகுந்த பொருளும் கொடுத்துக் கற்கவேண்டும் என்று தொடங்குவதை அம்மேடைகள் கூறுவதில்லை. கற்றபின் கிட்டும் மதிப்பைப் பாடல் பேசுகின்றது. கற்பதற்கு வேண்டிய பொருள் கீழ்நிலையாளனுக்கு எவ்வாறு கிட்டும் என்பதை அது பேசவில்லை.

3

தீவகத்தின் வரலாறு இக்கேள்வியை நடைமுறையில் எழுப்பியது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என விரியும் இப்பிரதேசத்தில் நன்னீர் எல்லா இடத்தும் கிட்டுவதன்று. வேலணைச் சாட்டிப் பகுதி போன்ற சில இடங்களை ஒழித்தால், கிணறுகளிற் பல உவர்நீர்க் கிணறுகளே. நன்னீர்க் கிணறு யாருடைய காணியில் உள்ளதோ அவர் வசம் ஊரின் அதிகாரமும் இருந்தது. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து உழைத்த வணிகரின் பிள்ளை, கடற்றொழிலாளியின் பிள்ளை, சீவற்றொழிலாளியின் பிள்ளை, பிறர் வயலில் உழைத்தவரின் பிள்ளை ஆகியோர் ஒரே தீவிற் பிறந்தும் ஒரே நிலையிலிருந்து பாடசாலைக்கு வந்தவரல்லர்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ புறத்தேயோ இருத்தப்பட்டமையும், 1930ஐ அண்டிய ஆண்டுகளிற் சம ஆசனத்துக்கு எதிராகப் பாடசாலைகள் எரிக்கப்பட்டமையும் அறிந்தவையே. 1945இன் இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொதுவிடங்களில் தடைசெய்தலைக் குற்றமாக்கியது. ஆயினும், 1966 முதல் 1968 வரை தேநீர்க் கடைகளிலும் ஆலய வாயில்களிலும் வெகுஜனப் போராட்டங்கள் நிகழ்ந்தமையே சட்டம் ஊருக்குள் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குச் சான்றாகும்.

அரசின் வகைப்படுத்தலும் இங்கு நோக்கத்தக்கது. 1974இற் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டம் அலகாக்கப்பட்டபோது, நெடுந்தீவு மாணவனும் யாழ்ப்பாண நகரத்துப் பெருங்கல்லூரி மாணவனும் ஒரே மாவட்டத்தவராயினர். தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது, அது நியாயமானதே. எனினும், மாவட்டத்தின் சராசரிக்குள் தீவகத்துப் பிள்ளை மறைந்துபோனமை அவ்வெழுத்துக்களிற் போதிய இடம்பெறவில்லை. இன அநீதியை எதிர்த்த குரலிலும் நகரத்து மத்தியதர வர்க்கத்தின் நலன் முன்னின்றதே இதற்குக் காரணமாகும்.

போரும் புதிய வேறுபாடுகளை உண்டாக்கிற்று. 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1990இற் படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபோது பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். பாடசாலைக்குச் செல்லும் வழியே அச்சத்தின் வழியாக மாறிய பிள்ளையை நன்னூலின் எந்த உவமைக்குள் அடக்குவது? வகுப்பிற் கண்ணயரும் மாணவனைக் கற்கத் தகாதவன் என்பதற்கு முன், அவன் இரவிற் கடலில் வலையிழுத்தானா என்று கேட்கவேண்டியிருக்கின்றது. சோவியத் உளவியலாளர் விகோட்ஸ்கி 1920களிலேயே, உடற்குறை சமூக உறவுகளினூடாகவே ஊனமாகின்றது என்று வாதித்தார். தீவகத்து மாணாக்கரின் ஏனைய வேறுபாடுகளுக்கும் அக்கருத்துப் பொருந்தும்.

4

ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளை உலகத் தமிழாராய்ச்சியின் அமைப்பாளராகவே பலரும் அறிவர். அவர் 1950களில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராயிருந்தார் என்பதும், பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார் என்பதும் போதிய கவனம் பெறவில்லை. கல்வியின் அடிப்படைகள் ஐரோப்பாவிலிருந்தே தொடங்கவேண்டியதில்லை என்பதை அவர் ஆய்வு நிறுவியது. பாணர், புலவர், அறநூலோர் எனச் சமூகத்திற் கற்பிப்போராய் விளங்கியோரை அவர் இனங்கண்டார். கல்வியாளனைப் பள்ளிச் சுவருக்குள் மட்டும் தேடாது, சமூகத்தின் செயற்பாடுகளுக்குள் தேடிய அம்முறை மிகவும் பயனுடையது.

அடிகளாரின் குறைபாடு அவரது பண்பாட்டுக் கருத்தோடு தொடர்புடையது. பண்பாடு என்பது முழுச் சமூகத்தினதும் பொதுச்சொத்தாக அவரிடத்துத் தோன்றுகின்றது. ஊர் ஊராகச் சென்று பாடிய பாணன் பிற்காலத்தில் தாழ்ந்த நிலைக்குத் தள்ளப்பட்டது ஏன், கற்பித்தல் எழுத்தறிந்த சிலரின் உடைமையானது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு விடைகாண நிலவுடைமையின் வளர்ச்சியை ஆராயவேண்டும். அடிகளார் அங்குச் செல்லவில்லை. அதனால் அவர் வகுத்த அடித்தளம் வரலாறு உடையதாயினும் முரண்பாடு அற்றதாக அமைகின்றது. தமிழாசிரியருக்குத் தம் மரபில் நம்பிக்கையூட்ட அது உதவும். கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளை ஏன் அங்கிருக்கின்றது என்பதை விளக்க அது போதாது.

5

புங்குடுதீவில் 1935இற் பிறந்த மு. தளையசிங்கம் தொழிலால் ஆசிரியர். முற்போக்கு விமர்சகரோடு அவர் நடத்திய வாதம் நன்கறியப்பட்டது. ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’, ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ ஆகியவற்றில் அவர் பொருள்முதல்வாதத்தையும் கருத்துமுதல்வாதத்தையும் கடந்ததாக மெய்முதல்வாதம் ஒன்றினை முன்வைத்தார். மனித உணர்வின் உயர்நிலைப் பரிணாமமே சமூக மாற்றத்தைக் கொணரும் என்பது அவர் நிலைப்பாடு. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கிணறு ஒருவருக்கு உரிமையாயும் மற்றவருக்கு விலக்காயும் ஆனமையை உணர்வின் வளர்ச்சிப்படியால் விளக்க முடியாது. நிலமும் உழைப்பும் சாதியாக ஒழுங்கமைக்கப்பட்ட முறையே அதற்குரிய விளக்கம்.

ஆயின் 1971இற் புங்குடுதீவில், ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்கான போராட்டத்தில் முன்னின்றவர் இதே தளையசிங்கம். பொலிசாரின் தாக்குதலுக்கு அவர் உள்ளானார். 1973இல், நாற்பது வயதை எட்டாமலே காலமானார். முற்போக்கு விமர்சனம் அவரது ஆன்மிகவாதத்தைக் கண்டித்து அத்துடன் நிறுத்திக்கொண்டது. அவரது அன்பரோ இப்போராட்டத்தை அவருடைய ஞானத்தின் வெளிப்பாடாகப் போற்றி அத்துடன் நிறுத்திக்கொண்டனர். இரு சாராரும் கவனியாது விட்டது ஒன்றுண்டு: கிணற்றடிக்குச் சென்றவர் ஓர் ஆசிரியர்.

வகுப்பறையிற் சமமாக இருத்தப்பட்ட பிள்ளை, பாடசாலை விட்டதும் கிணற்றடியிற் காத்து நின்று, பிறர் ஊற்றும் நீரைக் கையேந்திப் பெறுமாயின், அது கற்கும் முதற்பாடம் கிணற்றடியிலேயே நிகழ்கின்றது. அப்பாடத்தை மறுக்காத ஆசிரியர் வகுப்பில் எவ்வளவு திறமையாகக் கற்பிப்பினும் அதனை உறுதிப்படுத்துபவரே ஆகின்றார். தளையசிங்கத்தின் செயலில் இவ்வுண்மை அடங்கியிருந்தது. அவரது தத்துவம் அதனை விளக்கத் தவறியது. செயல் தத்துவத்தை முந்திச் சென்றது. கற்பிப்போரும் கற்பிக்கப்படவேண்டியவர் என்றும், சூழலின் மாற்றமும் மனிதரின் மாற்றமும் நடைமுறையில் ஒன்றிணைகின்றன என்றும் 1845இல் மார்க்ஸ் போயர்பாக் பற்றிய குறிப்புகளில் எழுதியதன் பொருளை, மார்க்சியத்தை மறுத்த ஒருவரின் நடைமுறையில் நாம் காண்கின்றோம். சரியான தத்துவத்தை உடையோரில் எத்தனை ஆசிரியர், தாம் கற்பித்த ஊரின் கிணறு யாருடையது என்று கேட்டனர் என்பதும் இங்கு எழவேண்டிய வினாவாகும்.

6

இந்நோக்கிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்குச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. 1986இன் சட்டத்தின் வழியாகத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் தோன்றின. தீவகம் இன்று தனிக் கல்வி வலயமாக உள்ளது. நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் எது அடித்தளமாகக் கற்பிக்கப்படுகின்றது என்பதே பிரச்சினை.

முதலாவதாக, பயிலுநரான ஆசிரியர் தாம் கற்பிக்கச் செல்லும் ஊரை ஒரு நூலைப்போலப் படிக்கப் பழகவேண்டும். நீர் எங்கிருந்து வருகின்றது, காணி யாருடையது, எந்தப் பிள்ளை தொழிலுக்குச் செல்கின்றது, சோளகமும் வாடையும் வீசும் நாட்களில் எந்தப் படகு ஓடாது என்பவை மாணாக்கரின் உளவியலுக்குப் புறம்பானவையல்ல. இரண்டாவதாக, நன்னூலும் புறநானூறும் பயிற்சியிலிருந்து நீக்கப்படவேண்டியவை அல்ல. அவை யாரை உள்ளடக்கின, யாரை விலக்கின என்று ஆராயும் முறையிற் கற்பிக்கப்படவேண்டியவை. கேட்போன் கொள்ளும் வகையறிந்து கற்பித்தல் என்ற பவணந்தியாரின் சிறந்த கருத்து, அவருடைய பட்டியல்களிலிருந்து விடுவிக்கப்படும்போதே முழுப்பொருள் பெறும்.

மூன்றாவதாக, நிர்வாகத்தின் மொழியே மாறவேண்டும். கடல் கடந்த தீவுகளின் பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் என வகைப்படுத்தும் வழக்கு உண்டு. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும் ஆசிரியருக்கு அது கஷ்டமே. அதற்குரிய படியும் தங்குமிடமும் அவருக்கு வழங்கப்படவேண்டும். ஆயின் அச்சொல் வந்துபோகும் ஆசிரியரின் இடத்திலிருந்து பேசுகின்றது. அங்கேயே பிறந்து, வளர்ந்து, கற்கும் பிள்ளையின் கஷ்டம் அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. தீவகச் சேவை கடந்து தீர்க்கவேண்டிய காலமாகக் கருதப்படும்வரை, அங்குள்ள மாணாக்கர் நகரத்தின் மீதிப்பொழுதையே பெறுவர்.

மாணாக்கரின் வேறுபாடுகளை ஆசிரியர் மதிக்கவேண்டும் என்று கூறுதல் எளிது. ஒடுக்குமுறை உண்டாக்கிய வேறுபாட்டை மதித்தல் ஒடுக்குமுறையை மதித்தலாக முடியக்கூடும். தரையில் இருத்தப்பட்ட பிள்ளைக்குத் தரையில் இருந்தே கற்கத்தக்க பாடத்தை வகுத்துக்கொடுப்பது ஆசிரியத்துவமாகாது. ஒவ்வொரு வேறுபாட்டையும் பேணவேண்டியதா, ஈடுசெய்யவேண்டியதா, ஒழிக்கவேண்டியதா என்று பிரித்தறியும் வரலாற்றறிவும், அவ்வறிவின்படி பாடசாலைப் படலைக்கு வெளியேயும் செயற்படும் துணிவும் அவருக்கு வேண்டும். கல்வியின் அடித்தளம் என்பதற்கு நாம் கொள்ளும் பொருள் இதுவே.