மேடையில் பேசும் சீனம்

மேடைக்கு வந்ததும் போட்டியாளர் லேசாகத் தலை தாழ்த்துகிறார். "தா ஜியா ஹாவ்" என்கிறார். எல்லோருக்கும் வணக்கம் என்று பொருள். அடுத்து பெயர். பிறந்த ஊர் கெய்ரோவாக இருக்கலாம், கொழும்பாக இருக்கலாம். மேடையில் அவருக்கு ஆசிரியர் சூட்டிய இரண்டு மூன்று எழுத்துச் சீனப் பெயர்தான். பிறகு சில நிமிடப் பேச்சு. சீன மொழி தன் வாழ்வில் எப்படி நுழைந்தது, அது எந்தக் கதவுகளைத் திறந்தது, சீனாவுக்குத் தன் நன்றி எத்தகையது. அது முடிந்ததும் சீன நாட்டைப் பற்றிய வினாவிடை. கடைசியில் ஒரு கலை: கத்தரிக்கோலும் சிவப்புத் தாளும் எடுப்பார், குங்ஃபூ காட்டுவார், இல்லையென்றால் பீக்கிங் ஓபராவில் நாலு வரி பாடுவார். 2002 முதல் நடந்துவரும் "ஹான்யூ ச்சியாவ்", அதாவது சீன மொழிப் பாலம் என்ற உலகப் போட்டி ஏறக்குறைய இந்த வடிவில்தான் அமைந்திருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது, 2008-இல் பள்ளி மாணவர்களுக்கும் விரிந்தது. நாட்டுக்கு நாடு முதற்சுற்று, வென்றவர்களுக்குச் சீனாவில் இறுதிச்சுற்று, அதை நிகழ்ச்சியாக்கப் பல ஆண்டுகள் ஹூனான் தொலைக்காட்சி, பரிசாகச் சீனப் பல்கலைக்கழகங்களில் படிக்க உதவித்தொகை. ஒரு மொழியைப் பரப்ப ஓர் அரசு நடத்தும் மாணவர் போட்டிகளில் இவ்வளவு செலவும் சிரத்தையும் எடுத்துக்கொள்ளும் இன்னொன்றைச் சொல்வது கடினம். இத்தனை சிரத்தையும் எதை வளர்க்கிறது என்பதே இங்கே கேள்வி.

முதலில் அதற்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். சீனம் கற்பவர்களின் எதிரி அந்த மொழியின் கடினம் மட்டுமல்ல. கற்றது கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் நீண்ட காலமும்தான். அமெரிக்க வெளியுறவுத்துறை தன் அதிகாரிகளுக்குச் சீனம் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. ஸ்பானிய மொழிக்கு ஒதுக்குவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இது. முதலாண்டில் வணக்கம் சொல்லவும் சாப்பாடு கேட்கவும் வந்துவிடும். அந்த உற்சாகத்திலேயே ஓராண்டு ஓடும். இரண்டாம் மூன்றாம் ஆண்டுதான் பாலைவனம். கற்பவர் நூற்றுக்கணக்கில் எழுத்துகளை எழுதிப் பழகியிருப்பார். ஒரு செய்தித்தாளைப் பிரித்தால் ஒரு பத்தி நகராது. இந்த இடத்தில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். அப்போது ஒரு தேதியையும் ஒரு கூட்டத்தையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது போட்டி. மார்ச் மாதம் மேடையேற வேண்டும் என்றால் டிசம்பரில் சோம்பியிருக்க முடியாது. பாடப்புத்தகம் தராத ஓர் அவசரம் இது, போலியானதும் அல்ல.

போட்டிக்கான பயிற்சியும் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. நான்கும் பத்தும் வைத்துச் சொல்லும் நாப்பயிற்சி ஒன்றைச் சீனம் படிக்கும் எல்லோரும் அறிவார்கள். நான்கு என்பது "ஸி", பத்து என்பது "ஷி". "ஆகும்" என்பதும் "ஷி"தான், தொனி மட்டும் வேறு. பதினான்கு என்றால் பத்து முன்னால், நாற்பது என்றால் நான்கு முன்னால். இவற்றை மாற்றி மாற்றி வேகமாகச் சொன்னால் நுனிநாக்கும் மடிநாக்கும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். நம் பள்ளிகளில் ழகரம் பழக வாழைப்பழத்தை வழுக்க விடுவதைப் போன்றதுதான். மூங்கில் சில்லுகளைத் தட்டித் தாளத்தோடு சொல்லும் "குவாய்பான்", இருவர் நின்று வார்த்தைக்கு வார்த்தை மடக்கும் "ஷியாங்ஷெங்" நகைச்சுவை ஆகியவை இன்னும் ஒரு படி மேல். ஷியாங்ஷெங்கில் சிரிப்பு வருவது சிலேடையாலும் இடைவெளியாலும். அரை நொடி தவறினால் அவையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். 1988-இல் சீனத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நாடகத்தில் தோன்றி "தாஷான்" என்ற பெயரில் நாடறிந்தவரான கனடாவின் மார்க் ரோஸ்வெல் பிறகு கற்றுத் தேர்ந்ததும் இந்தக் கலையைத்தான். தொனியும் தாளமும் நாக்கில் ஏற, நூறு முறை பாடமாகப் படிப்பதைவிட இப்படி ஒருமுறை சிரிக்க வைக்க முயல்வது நல்ல வழி.

ஆனால் அதே மேடையில் அதே மதிப்பெண் பட்டியலில் தாள் வெட்டுவதும் வாள் சுழற்றுவதும் இருக்கின்றன. அவற்றுக்கு மொழி எதற்கு? சீனம் ஒரு சொல்லும் தெரியாத ஒருவர் போட்டியாளரைவிட நன்றாகத் தாள் வெட்டிவிட முடியும். பாம்பை வரைந்து கால் சேர்ப்பது என்று நான்கு எழுத்தில் சீனத்தில் ஒரு வழக்கு உண்டு, வேண்டாத சேர்க்கையால் உள்ளதையும் கெடுப்பதைச் சொல்ல. போட்டியில் மொழி வேண்டாத இக்கலைகளுக்கு அந்தச் சொல்லே பொருந்தும். இந்த மாதிரி நான்கெழுத்து வழக்குகளைச் "செங்யூ" என்பார்கள். போட்டிப் பேச்சுகளில் இவையே பொட்டும் பூவும். அவற்றை இடமறிந்து வைப்பவர் மொழியில் ஊறியவர் என்பது உண்மை. பேச்சை எழுதித் திருத்தி, செங்யூவை எங்கே செருக வேண்டும் என்று குறித்துக் கொடுத்து, தொனிக்குத் தொனி திருத்திய ஆசிரியர் ஒருவர் பின்னால் இருந்தால், மேடையில் ஒளிர்வது யாருடைய சீனம் என்று நடுவருக்கு எப்படித் தெரியும்? மனப்பாடமாக வரும் சில நிமிடத்தில் ஒரு மாணவருக்கு மொழி எவ்வளவு வசமாகியிருக்கிறது என்று அளப்பது, கச்சேரியில் ஒரே ஒரு துக்கடாவைக் கேட்டுப் பாடகருக்கு மனோதர்மம் உண்டா என்று முடிவுகட்டுவதைப் போன்றது.

எல்லாப் பேச்சுப்போட்டியும் இப்படித்தானே, ஒரு மொழியில் மனப்பாடம் செய்வதும் கற்பதன் ஒரு படிதானே என்று கேட்கலாம். இரண்டும் சரி. மனப்பாடத்தை இழிவாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் மொழி கற்றுப் பார்த்ததில்லை. ஆனால் போட்டி என்பது பயிற்சி மட்டுமல்ல, அளவுகோலும் கூட. எதை அளக்கிறாயோ அதைத்தான் கற்பவர் வளர்ப்பார். ஜெர்மன் மொழிக்காக 2008-இல் டிரெஸ்டனில் தொடங்கி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டு ஜெர்மன் ஒலிம்பியாட் இந்த இடத்தில் வேறு வழியில் போனது. அங்கே மாணவர்களைத் தேர்ச்சி நிலைவாரியாகப் பிரித்து, பல நாட்டவரைக் கலந்து குழுக்களாக்கி, சேர்ந்து ஒரு வேலையை முடிக்கச் சொல்கிறார்கள். பிரேசில் மாணவரும் வியட்நாம் மாணவரும் அவர்களுக்கு இடையிலுள்ள ஒரே பொதுமொழியில் வாதாடி ஒத்துப்போக வேண்டும். அங்கே இலக்கணப் பிழையோடு பேசினாலும் காரியம் நடக்க வேண்டும். பிழையே இல்லாமல் ஒப்பித்தால் காரியம் நடக்காது. அந்த மேடை தொலைக்காட்சிக்கு அவ்வளவு அழகாக இராது என்பது வேறு விஷயம்.

அடுத்தது பேச்சின் உள்ளடக்கம். இது சீன அரசின் பிரசாரம் என்று ஒரு வரியில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலும் அலியான்ஸ் பிரான்சேஸும் கோதே நிறுவனமும் தர்மத்துக்காகக் கடை விரித்தவை அல்ல. தன் மொழியைக் கற்பவர் தன் நாட்டின் மேல் கொஞ்சம் பிரியமும் வைக்க வேண்டும் என்று எந்த நாடும் நினைப்பது இயல்பு. குறை அதில் இல்லை. நன்றி சொல்வதே சிறந்த பேச்சு என்று மாணவர் ஊகிக்கும் ஒரு சூழலில் எல்லாப் பேச்சும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. அதுதான் மொழிக்கு நேரும் நட்டம். கற்றவர் சீனத்தில் சந்தேகப்படவும், முரண்படவும், கிண்டல் செய்யவும், "இது எனக்குப் புரியவில்லை, ஏன் இப்படி?" என்று கேட்கவும் வேண்டாமா? அந்த வினைச்சொற்களையும் இணைப்புச் சொற்களையும் அவர் எங்கே பழகுவார்? "ஆனால்", "இருந்தாலும்", "அப்படியென்றால்" போன்ற சொற்கள் இல்லாத வெறும் பாராட்டுச் சீனம் பாதிச் சீனம்தான். நவீன சீன எழுத்தின் தந்தை என்று சீனர்களே கொண்டாடும் லூ சுன் தன் நாட்டாரைக் கடிந்து எழுதித்தான் அந்த மொழிநடையை உருவாக்கினார் என்பதை இங்கே நினைத்துப் பார்ப்பது தகும்.

போட்டியால் கற்போர் பெருகுகிறார்களா? அமெரிக்க நவீன மொழிச் சங்கம் கல்லூரி வகுப்புகளை எண்ணிவருகிறது. 2013-இல் சீன வகுப்புகளில் 61,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2021-இல் அது ஏறத்தாழ 46,000. நடுவிலிருந்த ஆண்டுகளில் போட்டி ஓய்ந்துவிடவில்லை. கொரோனாத் தொற்றின்போதுகூட இணையவழியில் நடந்தது. உடனே வரும் மறுப்பு: இதற்குப் போட்டியை ஏன் குறை சொல்ல வேண்டும், காரணம் அரசியல் அல்லவா? உண்மைதான். சீன அரசின் ஆதரவோடு சீனம் கற்பிக்கும் கன்ஃபூசியஸ் கழகங்கள் அமெரிக்காவில் 2019-இல் சுமார் 100 இருந்தன. 2023-க்குள் ஐந்துக்கும் குறைவாகிவிட்டன. அந்த வீழ்ச்சிக்கு ஒரு பேச்சுப்போட்டி பொறுப்பல்ல. ஆனால் அதே கணக்கெடுப்பில் 2016-க்கும் 2021-க்கும் இடையே கொரிய மொழி கற்போர் 38 விழுக்காடு கூடியிருக்கிறார்கள். எந்தப் பேச்சுப்போட்டியும் அவர்களைக் கூட்டிவரவில்லை. பாட்டும் தொடர்களும் கூட்டிவந்தன. வீட்டில் மொழி தினமும் காதில் விழுகிறது, அதைப் புரிந்துகொள்ள ஆசை பிறக்கிறது, அந்த ஆசைக்கு மேடையோ நடுவரோ தேவைப்படவில்லை. போட்டி செய்வது ஏற்கெனவே ஆற்றில் இறங்கியவரை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குத் தள்ளுவது. கரையில் நிற்பவரை இறக்குவது அல்ல. முதற்சுற்றிலேயே திரும்பிவிடும் பெரும்பான்மையினருக்கு அடுத்த திங்கட்கிழமை எந்த ஏற்பாடும் இல்லை. உதவித்தொகையோ, யாருக்கு அது இல்லாமலும் மொழி வந்துவிட்டதோ அவருக்கே போய்ச் சேர்கிறது.

தினப் பயன்பாடு என்ன செய்யும் என்பதற்குச் சீனாவே ஒரு சான்று வைத்திருக்கிறது, அதுவும் தமிழில். 1963-இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ்ப் பிரிவில் சீன அறிவிப்பாளர்கள் கலைமகள் முதலான தமிழ்ப் பெயர்களில் பேசினார்கள். போட்டி மேடையில் சீனப் பெயர் சூடும் வெளிநாட்டு மாணவருக்கு நேர் எதிர்க் காட்சி. அவர்களுக்குத் தமிழ் எந்த மேடையிலும் ஒப்பிக்க வேண்டிய பாடமாக இல்லை. ஒவ்வொரு நாளும் செய்தி வாசிக்க வேண்டும், தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேயர்கள் எழுதிய கடிதங்களைப் பிரித்துப் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து புரியாத கடிதம், வட்டார வழக்கில் எழுதிய கடிதம், குறை சொல்லும் கடிதம் எல்லாம் வரும். மறுமுனையில் ஆள் இருந்தார். அதனால் மொழி நிலைத்தது. மொழிகள் சந்தித்ததற்கு இன்னும் பழைய சான்று இலங்கையில் இருக்கிறது. அங்கே காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409-ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டை, அதை நிறுவிய சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பெருமையாக மட்டும் பார்ப்பது வழக்கம். அதில் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. கல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மொழியும் தன் சாமியைத் தானே கும்பிட்டது. "பாலம்" என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு போட்டி, இக்கரை ஆள் அக்கரையைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பும் ஒற்றைவழிப் பாதையாக இருப்பது அந்தக் கல்லைவிடப் பின்தங்கியது.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலூரில் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கன்ஃபூசியஸ் கழகம் இருந்தது. 2020-இல் இந்திய அரசு நாட்டிலுள்ள இத்தகைய கழகங்களை மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கையில், வரைவில் இருந்த சீன மொழியின் பெயர் காணாமல் போனது. இப்படிக் கதவுகள் சாத்தப்படும் காலத்தில், கற்க விரும்பும் ஓர் இளைஞருக்குத் திறந்திருக்கும் சன்னலைச் சாத்தச் சொல்வது அறிவாகாது. மாற்ற வேண்டியது மதிப்பெண் போடும் முறை. ஒப்பிக்கும் பேச்சுக்குப் பாதி நேரம் போதும். கலைப்பகுதியில் மொழியால் மட்டுமே செய்யக்கூடியவற்றை வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். எந்த ஆறு எந்த மாகாணத்தில் ஓடுகிறது என்று கேட்கும் வினாடி வினாவின் இடத்தில் வேறொன்று: போட்டியாளரின் வயதுள்ள சீன மாணவர் ஒருவர் எதிரே உட்காரட்டும், சிச்சுவான் உச்சரிப்போடு வந்தாலும் நல்லது. போட்டியாளர் தன் ஊர்ச் சந்தையை, தன் வீட்டுச் சடங்கை, தன் ஊர்க்காரர்கள் எதற்குச் சண்டை போடுவார்கள் என்பதை அவருக்குச் சீனத்தில் விளக்க வேண்டும். புரியாத இடத்தில் அவர் குறுக்கே கேட்கலாம். ஐந்து நிமிடம் கழித்து, கேட்டவர் எழுந்து தாம் புரிந்துகொண்டதை நடுவருக்குத் திருப்பிச் சொல்லட்டும். மதிப்பெண் இருவருக்கும் சேர்த்தே.