இயந்திரம் நிற்கும் இடம்: மட்டக்களப்பு வாவியின் படகுச் சுற்றுலா குறித்து

மட்டக்களப்பு வாவியில் வள்ளம் ஏறிப் பறவையும் முதலையும் கண்டல் காடும் பார்த்துவருவது போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. பாலமீன்மடு வெளிச்சவீட்டடியிலும் கல்லடிப் பக்கத்திலும் உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு குடும்பங்கள் ஏறுகின்றன. பாசிக்குடாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் அரைநாள் ஒதுக்கி வருகிறார்கள். இந்தத் தொழில் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது இன்று நடக்கும் முறையில்தான் குறை காண்கிறேன். காட்டவந்ததையே அது தேய்க்கிறது. இந்த வாவிக்கென்றே அமைந்த மிக அரிய ஒன்றை இன்னும் தொடாமலே இருக்கிறது.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனையை அண்டிய கிட்டங்கி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீள்கிறது. கிழக்கே எழுவான்கரை: கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் தோளோடு தோள் உரசும் ஊர்கள். மேற்கே படுவான்கரை: வயல்வெளி, மாட்டுப்பட்டி, அகன்ற வானம். முந்தனையாறு முதலிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல்நீர் ஏறுகிறது. மாரி வெள்ளத்தில் ஊர் மூழ்காதிருக்க முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வெயிற்காலத்தில் மணல் வந்து அதை மறுபடி அடைக்கும். நீரின் உப்பு இப்படி ஏறியிறங்க, இறால் வரத்தும் மீன் வரத்தும் மாறும். அவற்றைத் தேடி வரும் பறவைகளும் மாறும். ஆண்டு முழுவதும் ஒரே காட்சியைத் தருகிற நீர்நிலையாக இது ஒருபோதும் இருந்ததில்லை. சுற்றுலாவின் பெரிய குறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் நன்மையைச் சொல்லவேண்டும், அது சிறியதல்ல. கண்டல் காட்டுக்கு இந்த மாவட்டத்தில் நல்ல காலம் இருந்ததே குறைவு. போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணம் காட்டி வாவியோரத்துக் கண்டல்கள் வெட்டி வெளியாக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னே இறால் பண்ணைகள் வந்திருந்தன. கொக்கட்டிச்சோலைக்கு அருகே மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலைசெய்தவர்கள் 1987 தை மாதத்தில் விசேட அதிரடிப் படையின் சுற்றிவளைப்பில் கொல்லப்பட்டதை இக்கரையில் எவரும் மறக்கவில்லை. போர் கிழக்கின் இறால் வளர்ப்பை முடக்க, அத்தொழில் புத்தளம் பக்கம் பெருகி, அங்குள்ள கண்டலைத் தின்றது. விறகுக்கும் வேலிக்கம்புக்கும் மட்டும் பயன்பட்ட மரம், அல்லது அழித்துவிட்டுக் குளம் வெட்ட வேண்டிய இடம் என்று பார்க்கப்பட்ட காடு, நின்றபடியே வருமானம் தரும் என்று ஆனது படகுச் சுற்றுலாவால்தான். இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024இல் உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பெருமை கொழும்பில் வாசிக்கப்படும் அறிக்கையோடு நின்றுவிடாமல் ஒரு வள்ளக்காரரின் அன்றாட வருமானத்தில் இறங்குவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. போர்க்காலத்தில் இருட்டிய பின் வாவியில் இறங்க முடியாத ஆண்டுகள் பல கழிந்தன. வாவி ஊடாகத்தான் ஆட்கள் வந்தார்கள், போனார்கள், காணாமற்போனார்கள். நகரத்துப் பிள்ளைகளின் ஒரு முழுத் தலைமுறை தண்ணீரைப் பாலத்தின் மேலிருந்து மட்டும் பார்த்து வளர்ந்தது. அந்தத் தலைமுறை இன்று தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வள்ளம் ஏறுகிறது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி கம்பில் நிற்பதை ஒரு பிள்ளை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கும்போது, வாவி அச்சத்தின் இடம் என்பதிலிருந்து அந்தக் குடும்பத்துக்குச் சற்று விடுபடுகிறது. இந்தப் பலனை எந்த வருமானக் கணக்கிலும் எழுத முடியாது.

இனிக் குறைகள். கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. கடல் அமைதியாக இருக்கும் காலம் அது. வலசைப் பறவைகள் வருவதோ ஐப்பசிக்குப் பிறகு. பங்குனியோடு பெரும்பாலானவை திரும்பிவிடும். ஆட்கள் அதிகம் வரும் காலத்தில் பறவை குறைவு; பறவை நிறைந்த காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்றும் வெள்ளமும் இருப்பதால் ஆட்கள் குறைவு. கட்டணம் வாங்கிய வள்ளக்காரர் எதையாவது காட்டியாக வேண்டும். எஞ்சியிருக்கும் கொக்கும் நாரையும் அடையும் கண்டல் திட்டுக்கு மிக நெருங்கிப் போகிறார். முதலை கரையேறிக் காயும் இடத்துக்கு நேரே விடுகிறார். வந்தவர்கள் கைப்பேசியை நீட்டுகிறார்கள். பறவைகள் எழுந்து பறந்தால்தான் படம் நன்றாக வரும் என்று கைதட்டுபவர்களும் உண்டு. வள்ளக்காரரை நான் குறைசொல்ல மாட்டேன். ‘இத்தனை ரூபாய்க்கு இத்தனை காட்சி’ என்று விற்கிற முறை அவரை அங்கே தள்ளுகிறது.

கைதட்டல் ஒரு நொடி விளையாட்டு என்று தோன்றலாம். கூடுகட்டும் காலத்தில் தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலுக்கும் காகத்துக்கும் திறந்து கிடக்கிறது. அதே திட்டுக்கு அன்று நாலு வள்ளம் வந்தால் நாலு முறை அப்படி நடக்கிறது. தண்ணீருக்குள் நடப்பது அதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. இந்த வாவி பல இடங்களில் ஆள் ஆழம்கூட இல்லாதது. வெளியிணைப்பு இயந்திரத்தின் சுழலி சேற்றைக் கிளறுகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காததால் அடிப்புல் நலிகிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளரும் இடம் அந்தப் புல்தான். வேகமாகப் போகும் வள்ளத்தின் அலை கண்டல் வேரடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தெடுக்கிறது. வலை கட்டிவைத்த மீனவர் காலையில் வந்து அறுந்த வலையைப் பார்த்தால் அதற்கு யார் பொறுப்பு? ஆற்றுவாழை அடைத்த ஓடைகளில் ஏற்கனவே அவதிப்படுகிறவர் அவர்.

இது எங்கே போய் முடியும் என்று பார்க்க அதிக தூரம் போகவேண்டியதில்லை. தென்மேற்குக் கரையில் பலப்பிட்டியை அடுத்த மாது கங்கை 2003 முதல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கிறது. தீவுகளும் கண்டல் குகைகளும் நிறைந்த அழகான நீர்நிலை. அங்கே படகுச் சவாரி பெரும் வணிகமானபோது, இயந்திர வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கண்டல் சுரங்கத்துக்குள் புகுந்து வருவதும், கூண்டுக்குள் கால்விட்டு மீனைக் கடிக்கவிடும் மேடைகளும், முதலைக் குஞ்சைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கவைப்பதும் பயணத்தின் பகுதிகளாகிவிட்டன. சர்வதேச அங்கீகாரம் அதைத் தடுக்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு ராம்சார் அங்கீகாரம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் முதலில் மாது கங்கைக்குப் போய் ஒரு காலைப்பொழுது இருந்து பார்க்கட்டும்.

மறுபக்கத்தில் உலகமே எடுத்துக்காட்டும் ஒரு முன்மாதிரி உண்டு: எக்குவடோரின் கலாபகோஸ் எரிமலைத் தீவுகள். அங்கே வழிகாட்டி தேசியப் பூங்காவின் அனுமதி பெற்றிருக்கவேண்டும். ஒரு வழிகாட்டியோடு 16 பேருக்கு மேல் கரையிறங்க முடியாது. கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தீவுக்குப் போவது என்பதைப் பூங்கா நிர்வாகமே வகுக்கிறது. 2012 முதல் ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாட்களுக்குள் இரண்டாம் முறை போக முடியாது. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆவணியில் 100 டொலரிலிருந்து 200 டொலராக உயர்ந்தது. இத்தனைக்கும் நடுவே அத்தீவுகள் 2007 முதல் 2010 வரை யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் இருந்தன. ஆட்கள் பெருகினால் எவ்வளவு கடுமையான சட்டமும் திணறும் என்பதற்கு அது போதும்.

அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கலாபகோஸின் நிலப்பரப்பில் 97 வீதம் தேசியப் பூங்கா. மனிதர்கள் மிச்சத்தில் வாழ்கிறார்கள். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள், அதிலிருந்து உண்கிறார்கள். வேலி போட்டுப் பாதுகாக்கும் இயற்கை இது அல்ல. மீனவரை ஒதுக்கிவிட்டு இயற்கையைக் காப்பது கலாபகோஸிலேயே அமைதியாக நடக்கவில்லை: கடலட்டைத் தொழிலுக்குத் தடை வந்தபோது, 1995இல் மீனவர்கள் சார்ள்ஸ் டார்வின் ஆய்வு நிலையத்தை முற்றுகையிட்டார்கள். அங்கிருந்து நாம் எடுக்கவேண்டியது ஒன்றே ஒன்று: ஒரே இடத்துக்கு எல்லா வள்ளமும் எல்லா நாளும் போகாமல் முறைவைப்பது. அதற்கு டொலர் வேண்டாம். ஒரு வரைபடமும் மீனவர் சங்கங்களின் ஒப்புதலும் போதும்.

மற்றொன்றைப் பிச்சாவரத்திலிருந்து எடுக்கலாம். சிதம்பரத்துக்கு அருகே அந்த அலையாத்திக் காட்டில் இயந்திரப் படகும் ஓடுகிறது, துடுப்புப் படகும் ஓடுகிறது. வேர்கள் தலைக்குமேல் கவியும் ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் நுழைவது துடுப்புப் படகுதான். அங்கே போய்வந்தவர்களின் நினைவில் நிற்பதும் அந்த வாய்க்கால்கள்தான். துடுப்பு வலிக்கும் உள்ளூர்க்காரருக்கு நாள் கூலி, காட்டுக்கு நிம்மதி, வந்தவருக்கு நிறைவு. மட்டக்களப்பில் தோணி வலிக்கத் தெரிந்த கைகளுக்கு இன்னும் பஞ்சமில்லை.

துடுப்பைப் பற்றிச் சொல்லும்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்கிறோம். மாநகரின் வளைவுகளிலும் கடைப் பெயர்களிலும் அந்த மீனைப் பார்க்கலாம். ஆனால் கேட்டவர் எத்தனை பேர்? ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்து, இரவில் வள்ளத்தில் போய், தண்ணீருக்குள்ளிருந்து எழுந்த மெல்லிய இசையொலியைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதிவைத்தார். அது சிப்பியின் ஓசை என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். பிற்காலத்தில் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை லாங் அதே ஓசையை ஒலிப்பதிவு செய்தார். மீனா, சிப்பியா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. கேட்கும் வழி மட்டும் மாறவில்லை: சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையே, நிலவு முற்றிய இரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது.

அந்த மாதங்களைக் கவனியுங்கள். பறவை இல்லாமல் வள்ளக்காரர் திண்டாடும் அதே பருவம், ஆட்கள் நிறைய வரும் அதே பருவம், வாவி பாடும் பருவம். இயற்கை ஒருபக்கம் குறைத்ததை மறுபக்கம் கொடுத்திருக்கிறது. நாம் அதைத் தொழிலாக்கவே இல்லை. காரணம் இயந்திரம். மீன்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். வள்ள இயந்திரத்தின் இரைச்சலும் அதே வீச்சில்தான் விழுகிறது. ஒரு இயந்திரம் ஓடினால் வள்ளத்தில் இருப்பவருக்கு மட்டுமல்ல, ஒன்றையொன்று அழைக்கும் மீன்களுக்கும் கேட்காமல் போகிறது. 2013இல் திறந்த புதிய பாலத்தின் வாகன அதிர்வை நம்மால் நிறுத்த முடியாது. சுற்றுலா வள்ளத்தின் இயந்திரத்தை நிறுத்த முடியும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. ஓசை கேட்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. காசு கொடுத்தவர் ஏமாந்ததாக நினைப்பார். இரவில் வள்ளம் விடுவதில் ஆபத்து உண்டு, வாவியில் முதலை உண்டு. துடுப்பு வலித்து இந்த அகன்ற நீரைக் கடப்பது முதியவர் ஏறிய வள்ளத்துக்கு ஆகாது. முதலாவதற்கு என் பதில்: உறுதி தரும் சுற்றுலா என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். கிடைக்காமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துப்போகும் ஒரு பயணத்தையாவது நாம் பழக்கவேண்டும். மற்ற இரண்டுக்கும் இடைவழி இருக்கிறது. அகன்ற நீரை மெதுவான வேகத்தில் இயந்திரத்தோடு கடக்கலாம். கண்டல் ஓடையின் வாயிலிலும், பாலத்தடியிலும் நிறுத்திவிடவேண்டும், அங்கிருந்து துடுப்பு. இரவு வள்ளங்கள் கரைக்கு அண்மையில், எண்ணிக்கை மட்டிட்டு. விளக்கு வைத்துப் பிடிக்கும் தொழிலுக்கு நிலா வெளிச்சம் உதவாது. அந்த இரவுகளில் வேலை குறையும் மீனவர் தன் தோணியோடு இதற்கு வரலாம்.

வருமானம் எந்தக் கரைக்குப் போகிறது என்பதையும் கேட்கவேண்டும். வள்ளங்கள் புறப்படுவது எழுவான்கரையில், விடுதிகளும் அங்கேதான். படுவான்கரை பார்க்கப்படும் கரையாக மட்டும் இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து எளிதானது உண்மை. சுற்றுலா வருமானம் அந்தப் பாலத்தைக் கடந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் இந்த வாவியில் உயிரினங்களைப் பார்க்க மிகச் சிறந்த பயணம் எந்த விளம்பரத்திலும் இல்லாத ஒன்று: குருக்கள்மடத்துக்கும் அம்பிலாந்துறைக்கும் இடையே ஓடும் ‘பாதை’ என்னும் மிதவைப் படகு. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் அந்தத் தட்டையான மிதவை மெதுவாகப் போகிறது. பறவைகள் அதற்குப் பழகியிருக்கின்றன, எழுந்து பறப்பதில்லை. செம்பருந்து தலைக்குமேல் வட்டமிடும். மெதுவாக, ஒரே வழியில், தினமும் போனால் உயிர்கள் விலகாமல் இருக்கும் என்பதற்கு அதைவிட வேறு ஆய்வு தேவையில்லை.

கரையோரம் பேணல் திணைக்களமும் கடற்றொழில் திணைக்களமும் மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஆளுக்கொரு துண்டு அதிகாரத்தை வைத்திருக்கும் நீர்நிலை இது. அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அலுவலகம் எதுவானாலும், அதில் மூன்று நிபந்தனைகள் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறேன்: கண்டல் ஓடைக்குள் இயந்திரம் கூடாது, எந்தத் திட்டுக்கு எந்த நாள் என்பதை இரு கரை மீனவர் சங்கங்களும் சேர்ந்து முடிவுசெய்யவேண்டும், வலை அறுந்தால் நட்டஈட்டை வள்ளத்தின் உரிமையாளர் கொடுக்கவேண்டும். இவற்றில் மூன்றாவதை முதலில் அமுல்படுத்தலாம். அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை.