கமகத்துக்குக் கீபோர்டு தடையா?

செஞ்சி வட்டாரத்தில் கூத்துக்கு ஆர்மோனியம், மேல்மலையனூர்ப் பக்கத் திருவிழாக் கச்சேரிக்குக் கீபோர்டு. இரண்டின் மேலும் ஒரே புகார்தான்: கட்டை வாத்தியத்தில் கமகம் வராது. ஆர்மோனியத்தைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. அதன் உலோக நாக்கு ஒரே ஸ்ருதியில்தான் அதிரும். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்து, 1971 வரை விலக்கியே வைத்திருந்தது. அந்தத் தீர்ப்பைக் கீபோர்டாக மேடையேறும் சிந்தசைசர் மீதும் சுமத்துவதுதான் தவறு. அனலாக் சிந்தசைசரில் கீ நேரடியாக ஒலி எழுப்புவதில்லை. மின்னழுத்தம் ஒன்றை அனுப்புகிறது. மூக் கருவிகளின் கணக்கில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட், அடுத்தடுத்த கீகளுக்கு இடையே அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவில் எந்த அழுத்தம் வந்தாலும் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர் அதற்கேற்ற ஸ்ருதியைக் கொடுத்துவிடும். ஆகவே மேடையில் கமகம் தவறினால், முதலில் பார்க்க வேண்டியது வாசிப்பவர் அதை எப்படி அமைத்து வைத்திருக்கிறார் என்பதைத்தான்.

தோடியை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரம் நிலைத்து நிற்கும் சுரமல்ல; சுத்த ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடித்தான் காந்தாரமாகிறது. அங்கே மாடுலேஷன் வீலை மேலே தள்ளினால் என்ன ஆகும்? எல்.எஃப்.ஓ. எனும் மெதுவான ஆஸிலேட்டர் சுரத்தின் இருபுறமும் சம அளவில், ஒரே வேகத்தில் ஆட்டும். மெல்லிசைக் குழைவுக்கு அது போதும். தோடி காந்தாரத்தின் ஊசலாட்டமான கம்பிதமோ மேலே சற்று நின்று, கீழே தொட்டு, தாளத்தோடு வேகம் மாறி வருவது. அதற்குச் சுரத்தைக் கையால் ஏற்றி இறக்கும் பிட்ச் வீல்தான் வழி. பெரும்பாலான கீபோர்டுகளில் அதன் எல்லை இரண்டு அரைச்சுரமாக இருக்கும். காந்தாரக் கீயை அழுத்திக்கொண்டு வீலை இரு கோடிக்கும் அசைத்தால் கீழே சரியாக ரிஷபம், மேலே சரியாக மத்யமம். தோடிக்கென்றே அளந்து வைத்தது போல! இந்த எல்லையைப் பன்னிரண்டாக ஏற்றி வைப்பவர்களும் உண்டு. அப்போது விரல் சிறிது நடுங்கினாலும் சுரம் பிசகும். பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஏறும் ஜாருவுக்கு ஐந்து அரைச்சுரம் வேண்டும். அந்த வேலையை, ஒரு கீயிலிருந்து அடுத்ததற்குச் சுரத்தை வழுக்கவிடும் கிளைடிடம் விடுவதே நல்லது.

கீபோர்டின் குணமும் இதே அளவு முக்கியம். 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரில் இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்தினால் தாழ்ந்த சுரம்தான் பேசும். விரல் ஒன்று அழுத்தியிருக்கும்வரை புதிய தொடக்கமும் (டிரிகர்) விழாது. கிளைடைக் கொஞ்சம் திறந்து, மத்யமத்தைப் பிடித்தபடி ரிஷபத்தைத் தட்டித் தட்டி எடுத்தால் ஆட்டம் இடைவெளியின்றி வழுக்கும். ரிஷபத்தைப் பிடித்துக்கொண்டு மத்யமத்தைத் தட்டினால் ஒன்றும் கேட்காது. தட்டுக்குத் தட்டு டிரிகர் விழும் கருவியில் அதே கமகம் துண்டு துண்டாக உடையும். மினிமூகின் மூன்றாம் ஆஸிலேட்டரை ஆட்டத்துக்குப் பயன்படுத்தும்போது அது கீபோர்டைப் பின்தொடரும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் மேல் ஸ்தாயிக்குப் போகப்போக ஆட்டம் படபடக்கும். நாகஸ்வர ஒலிக்கு, கீயை அழுத்தும் வேகத்தால் ஒலியளவை மாற்றும் வெலாசிட்டி பெரும்பாலும் கெடுதலே. அந்த வாத்தியத்தின் பலம் சுரத்தின் நடுவிலும் மாறும் மூச்சில் இருக்கிறது. அந்த வேலையைக் காலடிப் பெடலுக்குக் கொடுக்க வேண்டும்.

வெலாசிட்டி இல்லாவிட்டால் வாசிப்பு உயிரற்றுப் போகும் என்பவர்களுக்குச் சரண்ஜித் சிங்கின் 1982 இசைத்தட்டே பதில். மும்பைத் திரையிசைக் கலைஞரான அவர் ரோலண்ட் ஜூபிடர் 8, டிபி 303, டிஆர் 808 ஆகிய மூன்றையும் வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் வாசித்தார். ஜூபிடரின் கீகளுக்கு அழுத்த வேகம் தெரியாது. 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்க வழி இருந்தது. 2010இல் மறுவெளியீடு கண்டபின் அந்தத் தட்டு உலகெங்கும் கேட்கப்பட்டது. இந்துஸ்தானி மீண்ட் வேறு, கர்நாடகக் கம்பிதம் வேறு என்ற மறுப்பை ஏற்கிறேன். சறுக்கலைவிட ஊசலாட்டம் கடினம். அதனால்தான் அமைப்பில் இன்னும் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. திருவிழாவில் சினிமாப் பாட்டுத்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்பதை மட்டும் ஏற்கவே முடியாது. இரவு முழுக்கக் கூத்தில் முகவீணை கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்குச் சுரம் வழுக்குவதும் உடைவதும் நன்றாகவே தெரியும். மேடையில் இருப்பது அனலாக் அல்ல, டிஜிட்டல் கீபோர்டு என்றாலும் பிட்ச் வீலின் எல்லையும் வெலாசிட்டியும், பல கருவிகளில் கிளைடும்கூட, மெனுவுக்குள் இருக்கின்றன. ராகம் சார்ந்த பாட்டுக்கு முன் அவற்றை மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.