வட்டம் யார் பக்கம்?

“சோன் நமக்கு வரல்ல மச்சான்.” கல்முனைக் கடற்கரையில் மஹ்ரிபுக்குப் பிறகு ஃபோனில் பப்ஜி துப்பாக்கி விளையாட்டு ஆடும் இளைஞர்கள் தோல்விக்குச் சொல்லும் முதல் காரணம் இதுதான். 100 பேர் இறங்கும் களத்தில் விமானப் பாதை, கிடைக்கும் துப்பாக்கி, ‘சோன்’ எனப்படும் சுருங்கும் பாதுகாப்பு வட்டம் எதுவுமே ஆடுபவரைக் கேட்டு அமைவதில்லை. ஆனாலும் அந்தக் காரணம் பாதிதான் உண்மை.

அடுத்த வட்டம் எங்கே விழும் என்பது தெரியாது. இப்போதைய வட்டத்துக்குள்ளேதான் விழும் என்பது தெரியும். ஆரம் பாதியாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பவர், எந்தப் பக்கம் விழுந்தாலும் புதிய வட்டத்தின் விளிம்பிலாவது இருப்பார். ஓரத்தில் பெட்டி பொறுக்கிக்கொண்டிருந்தவர்தான் வெட்டவெளியில் ஓடிச் சுடப்படுகிறார். நடுவிடத்தை முன்கூட்டியே பிடிப்பதிலும் ஆபத்து உண்டு, நாலா பக்கமிருந்தும் எதிரிகள் வருவார்கள். அதைச் சமாளிப்பதுதான் ஆட்டம்.

துப்பாக்கியும் அப்படித்தான். சுடும்போது குழல் மேலே எழும்புவதை விரலால் கீழே இழுத்து அடக்கலாம். அது பழக்கத்தில் வரும். பக்கவாட்டில் துள்ளுவதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. சந்தாங்கேணி மைதானத்தில் மென்பந்து வீசுபவருக்குக் கச்சான் காற்று எப்படியோ, பப்ஜி ஆடுபவருக்கு அந்தத் துள்ளல்.

பெரிய போட்டிகளின் புள்ளிமுறை, திறமையும் அதிர்ஷ்டமும் கலந்திருப்பதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. நால்வர் கொண்ட 16 அணிகள்; முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6, வீழ்த்தும் ஒவ்வொருவருக்கும் 1. வட்டம் கைவிட்டதால் 12ஆம் இடத்தில் வெளியேறிய அணி ஏழு பேரை வீழ்த்தியிருந்தால், ஒருவரையும் வீழ்த்தாமல் பதுங்கி இரண்டாமிடம் வந்த அணியை முந்திவிடும். பல ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டும்போது ஓர் ஆட்டத்தின் அதிர்ஷ்டம் கரைந்துபோகிறது.

விளையாட்டுக்குள் பணம் கட்டித் திறக்கும் பரிசுப் பெட்டிகள் வேறு கதை. அங்கே பழகிய விரலுக்கும் கூர்மையான கண்ணுக்கும் வேலையே இல்லை, வெறும் குலுக்கல். இத்தகைய பெட்டிகளை பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சிறுவர்களின் ஃபோனில் அவை இருப்பது பெற்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் போட்டி நடத்த நினைப்பவர்கள் ஒரே ஆட்டத்தில் கிண்ணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. குறைந்தது ஆறு ஆட்டங்கள், அதில் எராங்கல், மிராமர் ஆகிய களங்கள் கலந்து வந்தால், நல்ல அணி எது என்று புள்ளிப்பட்டியலே காட்டிவிடும்.